பங்குனிக் கார்த்திகையா, மார்ச் 24-ஆ?

சித்தி (வில்லாபுரம்): எல்லோருக்கும் காலை வணக்கம். இன்று மார்ச் 24, நம் மதுரை டி.எம்.எஸ். பிறந்தநாள். முனிச்சாலை வழியாகப் போகிறவர்கள் சிலைக்கு மாலை விழுந்துவிட்டதா என்று பார்த்து ஒரு போட்டோ போடுங்கள்.

தம்பி (கோவை): சித்தி, கர்நாடக சங்கீத மேதை முத்துசுவாமி தீட்சிதருக்கும் இன்றைக்குத்தான் பிறந்தநாளாம், ஆபீஸ் குரூப்பில் வந்தது. ஜூன் 24 எம்.எஸ்.வி.க்கும் கண்ணதாசனுக்கும் சேர்ந்து வருமே, அது மாதிரி.

பெரியப்பா: தீட்சிதருக்கு ஏதுப்பா மார்ச்? அவர் பிறந்தது பங்குனி மாசம் கார்த்திகை நட்சத்திரம். இந்த இங்கிலீஷ் தேதியெல்லாம் பின்னால் பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கணக்குப் போட்டு எழுதியது.

அக்கா: தியாகராஜருக்கும் அப்படித்தானே பெரியப்பா? ஜனவரி 6 ரகுமான் பிறந்தநாள், 1847-ல் அதே தேதியில்தான் தியாகராஜர் மறைந்தார் என்று என் பையன் வருஷா வருஷம் ஸ்டேட்டஸ் போடுவான். ஆனால் திருவையாற்றில் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமிக்குத்தான், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமிக்கு. சில வருஷம் பிப்ரவரிக்கே போய்விடுகிறது.

பெரியப்பா: அதேதான். திதிதான் கணக்கு. தீட்சிதரை நினைக்க வேண்டும் என்றால் அவர் போன நாளைப் பிடியுங்கள். 1835 அக்டோபர் 21, எட்டயபுரம். அன்று நரக சதுர்த்தசி, அதாவது நமக்குத் தீபாவளி. சீடர்களைக் கூப்பிட்டு ‘மீனாக்ஷி மே முதம்’ பாடச் சொன்னார், ‘மீனலோசனி பாசமோசனி’ என்ற இடத்தை அவர்கள் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். பாட்டு யார் மேல்? நம் மீனாட்சி மேல்! பாசமோசனிக்கு அடுத்தாற்போல ‘கதம்ப வனவாசினி’, சரணத்தில் ‘மதுராபுரி நிலயே’. ராகத்துக்கு அவர் வழியில் பெயர் கமகக்ரியா, கச்சேரியில் பூர்விகல்யாணி என்று சொல்லிப் பாடுவார்கள், மெதுவாக எடுத்தால் அந்த ‘மீனலோசனி’யில் குரல் மேலே போய் நின்று இறங்க மனசில்லாமல் இறங்கும் பாருங்கள், அதைக் கேட்ட பிறகு எண்ணெய்க் குளியலாவது பட்சணமாவது. நம் வீட்டில் அந்த நேரத்துக்கு டிவியில் பட்டிமன்றம் ஓடுகிறது, என்னத்தைச் சொல்ல.

சித்தப்பா: 👍

நான்: பெரியப்பா, அந்தக் காலத்துக்குத் திதி சரி. இளையராஜாவை என்ன செய்வீர்கள்? அவர் பிறந்தது ஜூன் 3. அன்று கலைஞர் பிறந்தநாள் என்பதால், தன்னுடையதை ஜூன் 2-க்கு மாற்றிக்கொண்டார். இசைஞானி என்று பட்டம் கொடுத்தவர் ஆயிற்றே. தேதி கையில் இருந்தும் அந்தத் தேதியில் கொண்டாடவில்லை.

பெரியப்பா: பண்ணைப்புரத்துக்காரர் மரியாதை தெரிந்தவர். அதில் நான் என்ன சொல்ல?

சித்தி (வில்லாபுரம்): நான் ஆரம்பித்தது டி.எம்.எஸ்., நீங்கள் எட்டயபுரம், பண்ணைப்புரம் என்று ஊர் ஊராகப் போய்விட்டீர்கள். அத்தான், அவருக்கெல்லாம் மார்ச் 24 போதும், நட்சத்திரம் வேண்டாம். முதல் படம் கிருஷ்ண விஜயம், 1950-ல் வந்தது, ‘ராதே நீ என்னை விட்டு ஓடாதேடி’ கேளுங்கள், எம்.கே.டி. பாகவதர் குரலே தெரியும். நாலே வருஷம், 1954-ல் தூக்குத் தூக்கியில் சிவாஜிக்கு, மலைக்கள்ளனில் எம்.ஜி.ஆருக்கு. பாகவதர் சாயல் போன இடம் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இது யாருக்குப் பாடியது என்று சொல்லிவிடலாம். எங்கள் அப்பா சிவாஜி கட்சி, எம்.ஜி.ஆர். பாட்டு ரேடியோவில் வந்தால் நிறுத்தப் போவார், குரல் டி.எம்.எஸ். என்பதால் கை பாதியில் நின்றுவிடும்.

அத்தை (பழங்காநத்தம்): 😂😂 உண்மை, எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான்.

அக்கா: நம் ஊரில் பிறந்தவர்களையே எழுதினால் காலண்டர் நிரம்பிவிடும் போல. எம்.எஸ். அம்மா 1916 செப்டம்பர் 16, அனுமந்தராயன் கோயில் தெரு. மதுரை மணி ஐயர் 1912 அக்டோபர் 25. ஜவுளி எடுக்க அந்தத் தெருப் பக்கம் எத்தனை தடவை போயிருப்போம், ஒரு ஆளாவது நின்று அந்த வீட்டைப் பார்த்திருக்கிறோமா?

தம்பி (கோவை): வாசல் முகப்பில் வீணை இருக்கும், அந்த வீடுதானே? நான் பார்த்திருக்கிறேன்.

அத்தை (பழங்காநத்தம்): அண்ணே, ஒன்று சொல்லட்டுமா? கார்த்திகை முருகன் நட்சத்திரம். தீட்சிதர் தன் பாட்டுகளில் வைக்கும் முத்திரைச் சொல் குருகுஹ, அதுவும் முருகன்தான். டி.எம்.எஸ். ‘உள்ளம் உருகுதையா’ பாடாத முருகன் கோயில் ஸ்பீக்கர் உண்டா? திருப்பரங்குன்றம் போனால் முதலில் காதில் விழுவதே அதுதானே. தேதி ஒத்துப்போகிறதோ இல்லையோ, இரண்டு பேரும் ஒரே சாமியிடம்தான் போய் நிற்கிறார்கள்.

பெரியப்பா: இது நன்றாக இருக்கிறது. சரி, மார்ச் 24-ஐ டி.எம்.எஸ்.க்கு வைத்துக்கொள்ளுங்கள். தீட்சிதருக்கு இந்தத் தீபாவளி காலையில் என் வீட்டில் ‘மீனாக்ஷி மே முதம்’, டிவியை நான் போட விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

சித்தி (வில்லாபுரம்): தீபாவளி கிடக்கட்டும் அத்தான், இன்று சாயந்திரம் உங்கள் மொட்டைமாடியில் எல்லோரும் கூடலாமா? நான் சுண்டல் கொண்டு வருகிறேன். சிவாஜி பாட்டு, எம்.ஜி.ஆர். பாட்டு மாற்றி மாற்றி. கடைசியில் ‘கற்பகவல்லி’, பல ராகம் கோத்த ராகமாலிகை என்பதால் அத்தானும் வாயைத் திறக்க மாட்டார்.

பெரியப்பா: வாருங்கள். மாடியில் வெக்கை இறங்கவே ஏழு மணி ஆகும், அதற்கு முன்னால் வராதீர்கள்.

சித்தப்பா: ஸ்பீக்கர் என்னிடம் இருக்கிறது. சார்ஜ் போட்டுவிட்டேன்.

அக்கா: சத்தம் குறைவாக வையுங்கள் சித்தப்பா, எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கிறது.

சித்தப்பா: அவன் அப்பாதான் ஸ்பீக்கர் கேட்டு முதலில் போன் பண்ணியது. எம்.ஜி.ஆர். கட்சி.