நெல் உவர் சோதனைத் தொட்டியில் உப்பு தாங்காத ஐஆர் 29-உம் உப்பு தாங்கும் எஃப்எல் 478-உம் ஒன்றாகவே கருகுகின்றன: உதவி தேவை

வணக்கம். வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கவைக்கும் சப்1 மரபணு உள்ள சி.ஆர். 1009 சப்1 நெல் ரகத்தில், உப்பைத் தாங்க உதவும் சால்டால் என்ற மரபணுப் பகுதியைச் சேர்க்கும் வேலை. கொடை ரகம் எஃப்எல் 478. சப்1 9-ஆம் குரோமோசோமில், சால்டால் 1-இல். அதனால் பிணைப்புத் தொல்லை (ஒன்றோடொன்று ஒட்டியே கடத்தப்படுவது) இல்லை. தொல்லை எல்லாம் நாற்றுச் சோதனையில்.

முறை: முளைகட்டிய விதை, தெர்மோகோல் மிதவை, அடியில் நைலான் வலை. 3 நாள் வாலைவடிநீர், பிறகு யோஷிதா ஊட்டக் கரைசலில் உப்பிட்டு இ.சி. (மின்கடத்துத்திறன், உப்பளவைக் காட்டுவது) 6, மூன்று நாள் கழித்து 12. பி.எச். 5, தினமும் சரிசெய்கிறோம். 8 நாளுக்கொருமுறை கரைசல் மாற்றம்.

சென்னை வெயிலில் மாலைக்குள் தொட்டி நீர் ஒரு விரற்கடை இறங்கிவிடுகிறது, இ.சி. 14-ஐத் தாண்டுகிறது. குறைந்ததை வாலைவடிநீரால் நிரப்பியும் புது இலை வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சை. இது உப்பா, பி.எச். ஏறி இரும்பு கிடைக்காமல் போனதா? பழைய இலை நுனி கருகினால்தானே உப்பு என்பது என் கணிப்பு.

கேட்பது இரண்டு. நிழல்வலையின் கீழ் இ.சி.யை 12-லேயே நிறுத்தியவர்கள் தொட்டிக் கொள்ளளவைச் சொல்லுங்கள். சால்டால் இருப்பதைக் காட்டும் டிஎன்ஏ மார்க்கரான ஆர்எம் 3412-இன் பட்டைகளை அகரோஸ் கூழில் தெளிவாகப் பிரித்தவர்கள் எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள்?

பின்கலப்பு நாற்றுகளை (சி.ஆர். 1009 சப்1-ஓடு மீண்டும் கலந்தவை) இத்தொட்டியில் போடச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றும் தனி மரபமைப்பு; செத்தால் போனதுதான். அவற்றுக்கு மார்க்கர் மட்டுமே. அதோடு சால்டால் நாற்றுப் பருவத்துக்குத்தான். பூக்கும் பருவத்துக்கு வேறு சோதனை வேண்டும்.