ஃப்ளை பால் கேட்ச், பேஸுக்குத் திரும்பாத ரன்னர், மூன்றாவது அவுட்: அந்த ரன் சேருமா?

ஸ்கோர்புக்_பிடோக்

வணக்கம். சனிக்கிழமை நடந்த நட்புமுறை பேஸ்பால் ஆட்டத்துல வந்த சிக்கல் இது.

ஒரு அவுட். முதல் பேஸ்லயும் மூன்றாவது பேஸ்லயும் ரன்னர். பேட்டர் ரைட் ஃபீல்டுக்குத் தூக்கி அடிச்சார், ஃபீல்டர் பிடிச்சிட்டார், ரெண்டு அவுட். மூன்றாவது பேஸ் ரன்னர் ஒழுங்கா டேக் அப் பண்ணி (ஃபீல்டர் பந்தைத் தொடுற வரைக்கும் பேஸ்லயே இருந்துட்டு) ஓடி வந்து ஹோம் பிளேட்டை மிதிச்சிட்டார். முதல் பேஸ் ரன்னர், பந்து கீழே விழுந்திடும்னு நம்பி ரெண்டாவது பேஸையும் தாண்டிட்டார். கேட்ச் ஆனதால அவர் முதல் பேஸுக்குத் திரும்பியாகணும். அவர் திரும்புறதுக்குள்ள ரைட் ஃபீல்டர் பந்தை முதல் பேஸுக்கு எறிய, ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பேஸை மிதிச்சார். மூன்றாவது அவுட்.

பிளேட்டை மிதிச்சது முந்தி, அவுட் பிந்தி. அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. அம்பயர் ரன்னைக் கொடுத்தார். எதிரணி கோச் ஒத்துக்கல: "ஆளைப் பந்தால தொட்டு டேக் பண்ணல, பேஸைத்தான் மிதிச்சோம். அப்ப அது ஃபோர்ஸ் அவுட். மூன்றாவது அவுட் ஃபோர்ஸ்னா ரன் கிடையாது." ஸ்கோர்புக்ல அந்தக் கட்டத்தை இன்னும் காலியா வச்சிருக்கேன். யார் சொல்றது சரி? விதி எண்ணோட சொன்னா ரெண்டு பக்கமும் காட்டலாம்.

பிளேட்_அம்பயர்_யீஷூன்

ரன்னை எழுதிடுங்க. அம்பயர் கொடுத்ததுதான் சரி.

விதி 5.08-ஐப் பாருங்க. மூன்றாவது அவுட்டுக்கு முன்னாடி ரன்னர் ஹோம் பிளேட்டைத் தொட்டுட்டா ரன் சேரும். சேராத நிலைமை மூணே மூணு: மூன்றாவது அவுட், பேட்டரே முதல் பேஸைத் தொடுறதுக்கு முன்னாடி ஆன அவுட்டா இருக்கணும், இல்லன்னா ஃபோர்ஸ் அவுட்டா இருக்கணும், இல்லன்னா அவருக்கு முன்னால ஓடின ரன்னர் ஒரு பேஸைத் தொடாம விட்டதுக்காக ஆன அவுட்டா இருக்கணும். உங்க ஆட்டத்துல நடந்தது இந்த மூணுல எதுவும் இல்ல.

கோச் சறுக்குற இடம் ஒண்ணுதான். பேஸை மிதிச்சு அவுட் ஆக்கினா அது ஃபோர்ஸ்னு எடுத்துக்கிறார். ஃபோர்ஸ்ங்கிறது அவுட் ஆக்கின விதத்தை வச்சு வர்றதில்ல. பேட்டர் ரன்னரா மாறி முதல் பேஸுக்கு வர்றதால, அங்க நின்னவர் தன் பேஸைக் காலி பண்ணியே ஆகணும்ங்கிற நிலைமைதான் ஃபோர்ஸ். கேட்ச் பிடிச்ச அந்த நொடியே பேட்டர் அவுட். பின்னால இருந்து தள்ள ஆளே இல்ல. முதல் பேஸ் ரன்னருக்கு அது அவரோட சொந்த பேஸ், திரும்பி வந்து நிக்கிற உரிமை அவருக்கு முழுசா இருக்கு. வராததால அப்பீல்ல (ரன்னரோட தப்பைக் காட்டி எதிரணி அவுட் கேக்கிறதுல) அவுட். அப்பீலுக்குப் பேஸை மிதிச்சாலே போதும், ஆளைத் தொடத் தேவையில்ல. அதனாலதான் பார்வைக்கு ஃபோர்ஸ் மாதிரியே தெரியுது. இந்த மாதிரி கட்டத்துக்கு டைம் பிளேன்னு பேரு: எது முந்திங்கிறது மட்டும்தான் கணக்கு.

கிரிக்கெட் பார்த்துப் பழகினவங்களுக்கு இது உறுத்தும், ஏன்னா அங்க கேட்ச் ஆன பந்துல ரன்னே கிடையாது. பேஸ்பால்ல கேட்ச் ஆன பிறகும் பந்து உயிரோடதான் இருக்கு.

இன்னொரு வகையும் அடிக்கடி வரும். அதே ரன்னர்கள், அதே ஒரு அவுட், ஆனா தரையோட அடிச்ச பந்து. ஃபர்ஸ்ட் பேஸ்மேன் எடுத்து முதல்ல தன் பேஸை மிதிச்சிட்டு, அப்புறம் ரெண்டாவது பேஸுக்கு எறியுறார். முதல் பேஸை மிதிச்சதுமே பேட்டர் அவுட், ஃபோர்ஸ் போயிடுச்சு. இப்ப ரெண்டாவது பேஸ்ல ஆளைத் தொட்டாத்தான் அவுட். தொடுறதுக்கு முன்னாடி மூன்றாவது பேஸ் ரன்னர் உள்ளே வந்திருந்தா ரன் உண்டு. அவர் வரிசையை மாத்தி ரெண்டாவது பேஸுக்கு முதல்ல எறிஞ்சு, அங்கிருந்து முதல் பேஸுக்கு வந்திருந்தா ரன் கிடையாது.

உண்மையான ஃபோர்ஸ் எப்படி இருக்கும்னு கோச்சுக்குக் காட்ட 1908 செப்டம்பர் 23 ஆட்டம் போதும். நியூயார்க் ஜயன்ட்ஸ், சிகாகோ கப்ஸ், 1–1. ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், ரன்னர்கள் இதே முதல் பேஸ், மூன்றாவது பேஸ். நல்ல ஹிட், மூன்றாவது பேஸ் ரன்னர் உள்ளே வந்துட்டார். முதல் பேஸ்ல இருந்த ஃப்ரெட் மெர்க்கிள் ரெண்டாவது பேஸைத் தொடாமலே திரும்பிட்டார். கப்ஸ் ரெண்டாவது பேஸ்ல பந்தோட நின்னு கேட்டாங்க, அம்பயர் ஹாங்க் ஓடே ஃபோர்ஸ் அவுட்னு ரன்னை நீக்கிட்டார். அங்க பேட்டர் அவுட் ஆகல, பின்னால வந்துக்கிட்டிருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

ரெண்டு_அம்பயர்_போதும்

விதியை அண்ணன் சொல்லிட்டார். இங்க பெரும்பாலும் ரெண்டே அம்பயர், அதனால யார் எதைப் பார்க்கணும்ங்கிறதைச் சொல்றேன். தகராறு கிளம்புறது பெரும்பாலும் யாரும் பிளேட்டைப் பார்க்காததாலதான்.

மூன்றாவது பேஸ் டேக் அப்பும் ஹோம் பிளேட்டும் பிளேட் அம்பயருக்கு. முதல் பேஸ், ரெண்டாவது பேஸ் ரன்னர் பேஸ் அம்பயருக்கு. ரைட் ஃபீல்டர் ஃபௌல் கோட்டுப் பக்கமா ஓடினா கேட்சும் பிளேட் அம்பயர் தலையிலதான். அவர் ரெண்டு மூணு எட்டு நகர்ந்து, ஃபீல்டரோட கையுறையும் ரன்னரோட காலும் ஒரே நேர்கோட்டுல தெரியுற இடத்துல நிக்கணும். ஃபீல்டர் பந்தை முதல்ல தொட்டதுமே ரன்னர் கிளம்பலாம், கெட்டியாப் பிடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல. கையுறையில பட்டுத் துள்ளி ரெண்டாவது முயற்சியில பிடிச்ச கேட்ச்ல, சீக்கிரம் கிளம்பிட்டார்னு தப்பா அவுட் கொடுக்கிறது இதை மறக்கிறதால.

அடுத்தது முக்கியம். ரன்னர் கிளம்பினதும் பிளேட் அம்பயர் பிளேட்டுக்குப் பின்னால வந்து, பிளேட்டும் பந்து போற பேஸும் ஒரே பார்வையில விழுற மாதிரி நிக்கணும். காதுல பேஸ் அம்பயரோட "அவுட்!" கேக்கணும், கண்ணுல ரன்னரோட கால் இருக்கணும். ரன் உண்டுன்னா பிளேட்டைச் சுட்டிக் காட்டி "ஸ்கோர்ஸ்!"னு சத்தமாச் சொல்லி, ஸ்கோரர் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொல்லணும். இல்லன்னா ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்கே வீசி "நோ ரன்!" அந்த இடத்துலயே சொல்லாம ரெண்டு நிமிஷம் கழிச்சுச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

டைம் பிளே வரலாம்னு மணிக்கட்டைத் தட்டிக் காட்டுற சைகையை வழக்கமா ரெண்டு அவுட் இருக்கும்போதுதான் கொடுக்கிறாங்க. உங்க ஆட்டத்துல பந்து எறியும்போது ஒரு அவுட்தான், அதனால ரெண்டு பேருமே தயாரா இல்லாம போறது சகஜம். ஒரு அவுட், முதல் பேஸ், மூன்றாவது பேஸ்ல ஆள்னா அப்பவும் அந்தச் சைகையைக் கொடுத்துடுறது நல்லது.

கோச்சுங்களுக்கும் ஒண்ணு: மூன்றாவது பேஸ் ரன்னர் கடைசி சில எட்டுல வேகத்தைக் குறைக்கவே கூடாது. எப்படியும் ரன்தானேன்னு மெதுவா வந்து, அந்தப் பக்கம் அவுட் முந்திட்டா ரன் போச்சு. அடுத்து ஆட வர்றவர் பிளேட் பக்கத்துல நின்னு "ஓடு, ஓடு"ன்னு கத்தணும்.

ஸ்கோர்புக்_பிடோக்

தெளிவாயிடுச்சு, நன்றி. ஒரு துணைக் கேள்வி: மூன்றாவது பேஸ் ரன்னரும் சீக்கிரமே கிளம்பியிருந்தா? முதல் பேஸ்ல மூன்றாவது அவுட் விழுந்து இன்னிங்ஸ் முடிஞ்சிடுச்சே. அதுக்கப்புறம் அப்பீல் கேக்க முடியுமா?

பிளேட்_அம்பயர்_யீஷூன்

முடியும். விதி 5.09-ல அப்பீல் பகுதியில இருக்கு. பந்தை மூன்றாவது பேஸுக்கு எறிஞ்சு, பேஸை மிதிச்சு, இவர் சீக்கிரம் கிளம்பினார்னு அம்பயருக்குப் புரியுற மாதிரி சொன்னா, அந்த அவுட் ஏற்கெனவே விழுந்த மூன்றாவது அவுட்டோட இடத்துக்கு வந்துடும், ரன் நீங்கிடும். நாலாவது அவுட்னு பேச்சுவழக்குல சொல்றது இதைத்தான். பிட்சரும் (பந்து எறியுறவர்) இன்ஃபீல்டர்கள் (பேஸ்களை ஒட்டி நிக்கிறவங்க) எல்லாரும் பெஞ்சுக்குப் போற வழியில ஃபேர் எல்லையை, அதாவது ரெண்டு ஃபௌல் கோட்டுக்கும் நடுவுல உள்ள பகுதியை, தாண்டிட்டா உரிமை போச்சு.

2009-ல டாட்ஜர்ஸ், டைமண்ட்பேக்ஸ் ஆட்டத்துல இப்படித்தான் ஆச்சு. ரெண்டாவது பேஸ் ரன்னரை டேக் பண்ணி மூன்றாவது அவுட் ஆக்கினாங்க. அதுக்கு முன்னாடியே ஆண்ட்ரே ஈதியர் மூன்றாவது பேஸ்ல இருந்து, டேக் அப் பண்ணாமலே, பிளேட்டைத் தாண்டிட்டார். யாரும் அப்பீல் கேக்கல, எல்லாரும் பெஞ்சுக்குப் போயிட்டாங்க, ரன் நின்னுடுச்சு.

அம்பயர் வாயைத் திறக்கவே கூடாது. "அவர் சீக்கிரம் கிளம்பினாரே"ங்கிற மாதிரி ஒரு பார்வைகூட ஒரு அணிக்கு உதவி பண்ணின மாதிரி ஆகும். கடைசி இன்ஃபீல்டர் கோட்டைத் தாண்டுற வரைக்கும் ரெண்டு அம்பயரும் இடத்தை விட்டு நகராம நிக்கணும்.

இன்னிங்ஸ் முடியாத கட்டத்துல, ஆட்டம் நின்னு பந்து செத்திருந்தா, பேஸ்பால்ல வாயால கேட்டா மட்டும் பத்தாது. பிட்சர் பந்தோட ரப்பர்ல (பந்து எறியுற இடத்துல பதிச்சிருக்கிற பலகை) நிக்கணும், அம்பயர் "பிளே" சொல்லணும், அப்புறம் பிட்சர் பின்னால இறங்கி அந்தப் பேஸுக்கு எறியணும். மின்னல் எச்சரிக்கை வந்து ஆட்டம் நின்னு போனாலும் இதே முறைதான். திரும்ப ஆரம்பிச்சு அடுத்த பந்து எறியுறதுக்குள்ள கேக்கணும். எறிஞ்ச பந்து ஆட்ட எல்லைக்கு வெளியே போயிட்டா அந்த ரன்னர் மேல அந்தப் பேஸ்ல மறுபடி கேக்க முடியாது.

மென்பந்து_டீச்சர்

பள்ளி சாஃப்ட்பால்ல இருந்து இந்தப் பக்கம் வர்ற பிள்ளைங்க குழம்புறது சரியா இங்கதான். தேசியப் பள்ளி விளையாட்டுகள்ல ஆடிப் பழகினவங்க, சாஃப்ட்பால் முறைப்படி ஆட்டம் நின்ன பிறகு இன்ஃபீல்டர் ஒருத்தர் வாயால கேட்டாலே போதும்னு பேஸ்பால்லயும் அப்படியே கேட்டுட்டு நிப்பாங்க. அதுக்குள்ள பிட்சர் அடுத்த பந்தை எறிஞ்சிடுவார், உரிமை போயிடும். ஃபோர்ஸா டைம் பிளேயாங்கிற கணக்கு மட்டும் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

ஸ்கோர்புக்ல எப்படி எழுதுறதுன்னு யாரும் சொல்லலையே: டபுள் பிளே (ஒரே பந்துல ரெண்டு அவுட்) 9-3; 9 ரைட் ஃபீல்டர், 3 ஃபர்ஸ்ட் பேஸ்மேன். பேட்டருக்கு சாக்ரிஃபைஸ் ஃப்ளை (தான் கேட்ச் ஆகி ரன்னரை உள்ளே கொண்டுவந்த அடி), ஆர்.பி.ஐ. (அவர் அடியால வந்த ரன்) ஒண்ணு, அட் பேட் (சராசரிக்கு எண்ணுற பேட்டிங் வாய்ப்பு) கணக்குல சேராது. ஃப்ளை பால் கேட்ச் ஆகி வந்த டபுள் பிளேயா இருந்தா ஆர்.பி.ஐ. போகாது; தரையோட அடிச்சு ஃபோர்ஸ்ல வர்ற டபுள் பிளேக்குத்தான் கிடையாது. பேஸ்ல மிச்சம் நின்னவங்க: பூஜ்யம்.