விவாகரத்து வழக்கு நிலுவையில் இருந்தபோது இடைக்கால ஜீவனாம்சம்: எங்கள் அனுபவங்கள்

விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டவர் என் கணவர். நோட்டீஸ் தாய் வீட்டுக்கு வந்த அன்று என் கையில் இருநூற்றுச் சொச்சம் ரூபாய்தான் இருந்தது; மகனுக்கு அந்த வாரமே இரண்டாம் பருவக் கட்டணம் கட்ட வேண்டும். விவாகரத்து முடிந்த பிறகு கிடைப்பதுதான் ஜீவனாம்சம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்து திருமணச் சட்டம், 1955இன் 24ஆவது பிரிவின்கீழ், வழக்கு நடக்கும் காலத்துக்கே மாதத் தொகையும் வழக்குச் செலவும் தனி மனுவாகக் கேட்கலாம் என்று எனக்குச் சொன்னவர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அமர்த்தித் தந்த வழக்கறிஞர் அம்மாதான். (இலவசச் சட்ட உதவிக்குப் பெண்களிடம் வருமான வரம்பு பார்ப்பதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை.)

ஆனால் பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று என் சித்தப்பா சொன்னதால் நான்கு மாதம் மனுப் போடாமல் காத்திருந்தேன். அதுதான் நான் செய்த தவறு. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்படுகிறது. எனவே அந்த நான்கு மாதங்களுக்கு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அதே தீர்ப்பின்படி இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அம்மாவின் பால் கணக்கு நோட்டு, கேஸ் ரசீதுகள், மகனின் காய்ச்சலுக்கு வாங்கிய மருந்துச் சீட்டுகள் என்று கூடத்தில் பரப்பி வைத்து, ஓர் இரவு முழுவதும் எழுதினேன். டியூஷனில் எனக்கு வந்த 3,000 ரூபாயை எழுத மனம் வரவில்லை. "அதை மறைத்தால் மற்ற எதையும் நம்பமாட்டார்கள் அம்மா, எழுதுங்கள்" என்று வழக்கறிஞர் வற்புறுத்தினார். அவர் சொன்னது சரி. என் கணவர் 38,000 ரூபாய்தான் சம்பளம் என்று எழுதியிருந்தார். அவருடைய வங்கிக் கணக்கிலோ கார் கடனுக்கு மட்டும் மாதம் 14,000 ரூபாய் போய்க்கொண்டிருந்தது, அதற்கு மேல் சேமிப்புத் தவணைகளும் இருந்தன. நீதிபதி அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது?" என்று இரண்டு முறை கேட்டார். நான் எம்.காம். படித்தவள், வேலைக்குப் போக முடியும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. சம்பாதிக்கும் தகுதி வேறு, சம்பாதிப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது எனக்குக் கைகொடுத்தது.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் இம்மனுவை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். எனக்குப் பதினோரு மாதமும் ஒன்பது வாய்தாவும் ஆயின. மாதம் 12,000 ரூபாயும், வழக்குச் செலவாக 10,000 ரூபாயும் தருமாறு உத்தரவானது. அத்தனை மாதமும் என்னையும் மகனையும் காப்பாற்றியது அம்மாவின் ஓய்வூதியம்தான். இந்தத் தாமதத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

*

மேலே எழுதிய சகோதரிக்கு வணக்கம். நான் தொகை கொடுத்த தரப்பு. முதல் இரண்டு மாதத் தொகையை மைத்துனர் கையில் ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது வாங்கவில்லை. பிறகு அது முழுவதும் பாக்கியாகவே கணக்கில் ஏறியது. அன்று முதல் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வங்கி வழியாகவே அனுப்புகிறேன். என் தாயாரின் டயாலிசிஸ் செலவுக்கு ரசீதுகள் இருந்ததால் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொண்டது. வீட்டுக் கடன் தவணை முழுவதையும் கழிக்க ஒப்பவில்லை. மனைவி இரண்டு சட்டங்களின்கீழ் மனுச் செய்திருந்தார். முதல் உத்தரவைப் பற்றி இரண்டாவது நீதிமன்றத்தில் முறையாகத் தெரிவித்த பிறகு, ஒன்றில் கொடுத்த தொகை மற்றதில் கழித்துக்கொள்ளப்பட்டது. வருமானத்தை மறைக்குமாறு எனக்கும் சிலர் யோசனை சொன்னார்கள். என் மகள் சாப்பிடும் சோற்றுக்கான கணக்கு அது என்பதால் நான் கேட்கவில்லை.

*

நாங்கள் கிறிஸ்தவர்கள். எந்த மதத்தவரும் நாடக்கூடிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவின்கீழ் இடைக்காலத் தொகை பெற்றேன். 2024 ஜூலை முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆவது பிரிவாக இருக்கிறது. உத்தரவு வந்தும் பணம் வரவில்லை. பாக்கியை வசூலிக்க, தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதை நீதிமன்ற எழுத்தர் ஒருவர் தற்செயலாகச் சொல்லித்தான் அறிந்தேன். அப்போது முதல் பாக்கிக்குப் பத்து மாதம் கடந்திருந்தது. மறுநாளே மனுப் போட்டேன். தவறும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. அடுத்த வாய்தாவுக்கு மூன்று நாள் முன்பு முழுப் பாக்கியும் என் கணக்குக்கு வந்து சேர்ந்தது.