முதல் சர்ஃபிங் போர்டு: 8 அடி ஃபோமா, 5 அடி 10 அங்குல ஷார்ட்போர்டா?

கடல்நண்டு15:
எனக்கு 15 வயது, எடை 46 கிலோ. நீச்சல் நன்றாகத் தெரியும். இந்த லீவில் கோவளத்தில் 12 சர்ஃபிங் வகுப்பு போனேன். நுரை அலையில் எழுந்து நிற்க வருகிறது. உடையாத அலையை இன்னும் சொந்தமாகப் பிடித்ததில்லை. ஊரைக் காலி பண்ணுகிற ஒரு அண்ணா தன் பழைய ஷார்ட்போர்டைக் குறைந்த விலைக்குத் தருகிறார். நீளம் 5 அடி 10 அங்குலம், கொள்ளளவு 26 லிட்டர். அப்பா ஒரே ஒரு போர்டுதான் வாங்கித் தருவாராம். நன்றாகச் சறுக்குகிறவர்கள் எல்லோரும் இந்த அளவுதான் வைத்திருக்கிறார்கள். வாங்கலாமா?

படகுக்காரர் மகன்:
வேண்டாம் தங்கச்சி. 8 அடி ஃபோம் போர்டு வாங்கு, மேல்தோல் மெத்தென்று இருக்குமே, அது. 26 லிட்டர் போர்டு, தன் எடை போக 23 கிலோ சொச்சத்தைத்தான் தண்ணீர் மேல் தாங்கும். நீ படுத்ததும் முங்கிவிடும். முங்கின போர்டில் எவ்வளவு கை போட்டாலும் வேகம் வராது, அலை உன்னைத் தாண்டிப் போய்விடும். ஒரு காலை முழுக்கக் கடலில் கிடந்து இரண்டு அலை பிடித்தால் நிற்கப் பழகுவது எப்படி? 8 அடி போர்டு 80 லிட்டர் பக்கம் இருக்கும். நாலு தரம் கை போட்டாலே கிளம்பிவிடும்.

இன்னொன்று, ஷார்ட்போர்டின் கூர்முனையும், அடியில் துடுப்பு மாதிரி நிற்கும் ஃபின்னும். நான் ஷார்ட்போர்டில்தான் ஆரம்பித்தேன். விழுந்து மேலே வந்தபோது ஃபின் புருவத்தில் பட்டு ஐந்து தையல். ஃபோம் போர்டு இடித்தால் வலிக்கும், கிழிக்காது.

திருவான்மியூர் நிலா:
26 லிட்டர் வேண்டாம் என்பதில் நானும் அண்ணாவோடுதான். ஆனால் 8 அடி என்று எல்லோரும் ஒரே பாட்டாகச் சொல்வதை ஏற்கமாட்டேன். நான் 48 கிலோவில் 8 அடி போர்டோடு ஆரம்பித்தவள். கக்கத்தில் அடங்காது, தலையில் வைத்தால் காற்று திருப்பிவிடும். கரையில் மடிந்து உடையும் அலையைத் தாண்டி அதை உள்ளே கொண்டு போவதற்குள் கை ஓய்ந்துவிடும். அவ்வளவு மிதப்பு இருப்பதால் அலைக்கு அடியில் அமுக்கிப் போகவும் முடியாது. இரண்டு முறை கையை விட்டு நழுவி, பின்னால் இருந்த சின்னப் பையன் மேல் மோதியது. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

46 கிலோவுக்கு 7 அடி சாஃப்ட் டாப், அதாவது ஃபோம் போர்டே, போதும். 50 லிட்டருக்கு மேல் இருந்தால் தாராளமாக மிதக்கும். அலை பிடிக்கவும் வரும், திருப்பவும் வரும்.

படகுக்காரர் மகன்:
நழுவியது போர்டின் குற்றம் இல்லை நிலா. அலை வரும்போது போர்டை விட்டுவிடக் கூடாது, கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அடியில் கிடக்க வேண்டும். அதை முதல் நாளே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். 7 அடியில் நிற்கலாம், சரி. ஆனால் நம் கடலில் பல நாள் அலை இடுப்பளவுகூட இருக்காது. அந்தத் தள்ளல் இல்லாத அலையில் நீளம்தான் காப்பாற்றும்.

திருவான்மியூர் நிலா:
சொல்லிக்கொடுத்தார்கள் அண்ணா, பிடித்துக்கொள்ளத்தான் பலம் இல்லை. அதைத்தானே சொல்கிறேன்! உங்கள் குப்பத்துப் பையன்கள் உடைந்த போர்டிலும் பலகையிலும் கற்றுக்கொண்டார்களே, அவர்களுக்கு யார் 80 லிட்டர் கொடுத்தது?

படகுக்காரர் மகன்:
யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் கட்டுமரத்தில் ஏறி அலை தாண்டி வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கடல், தினமும். இந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும். வாரம் இரண்டு மணி நேரம் கிடைக்கிறவளுக்கு அந்த இரண்டு மணி நேரமும் அலையாக வாய்க்க வேண்டாமா?

இரண்டு பிள்ளை அப்பா:
இப்போதே எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்கிறேன். பிள்ளை இன்னும் வளரும். ஐப்பசி வந்தால் வாடைக் கடல் கொந்தளிக்கும், புதிதாகப் பழகுகிறவர்களை மூன்று மாதம் உள்ளே விட முடியாது. போர்டு வெயிலில் மொட்டை மாடியில் கிடக்கும். சூடு ஏறினால் ஃபோம் போர்டின் மேல்தோல் பிரிந்து உப்பிவிடும், எங்கள் வீட்டில் ஒன்று அப்படித்தான் போனது. வாடகைக்கு எடுத்து 7, 8 இரண்டிலும் பழகட்டும்.

திருவான்மியூர் நிலா:
வாடகையில் இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் வேறொன்று. எந்த இடத்தில் படுத்தால் முனை தண்ணீருக்குள் குத்தாது என்பது உடம்புக்குப் பிடிபடுவதற்குள் போர்டு மாறிவிடும். அப்பா வாங்கித் தருகிறேன் என்கிறபோது ஏன் தடுக்க வேண்டும்? வாங்கி, உறை போட்டு நிழலில் வைத்தால் போதும்.

படகுக்காரர் மகன்:
அந்தப் பழைய போர்டு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், முக்கியமாக ஃபின் அடியிலும் லீஷ் (போர்டைக் காலோடு பிணைக்கும் கயிறு) கட்டும் இடத்திலும். மெத்தென்று அமுங்கினால், உள்ளே பழுப்பாகத் தெரிந்தால், தண்ணீர் இறங்கிவிட்டது. அப்புறம், அது பியூ (உள்ளே பாலியூரித்தேன் ஃபோம்) போர்டா, எபாக்ஸி ரெசின் பூசிய போர்டா என்று கேளுங்கள். எங்கள் கரையில் ஃபைபர் படகு ஒட்டுகிறவர்கள் பாலியஸ்டர் ரெசின் என்ற பிசின் வைத்திருப்பார்கள். பியூ போர்டுக்கு அது ஒத்துப்போகும். எபாக்ஸி போர்டின் உள்ளே இருப்பது தெர்மோகோல் இனம். அதில் பாலியஸ்டர் ரெசின் பட்டால் உருகிப் பள்ளம் விழும். என் மாமா நல்ல எண்ணத்தில் ஒரு பையனின் போர்டை அப்படி ஒட்டப்போய், கண்ணெதிரே குழி விழுந்தது.

கடல்நண்டு15:
எல்லோருக்கும் நன்றி. இன்று அப்பாவோடு போய் அமுக்கிப் பார்த்தேன். நடு ஃபின் பக்கத்தில் விரல் இறங்கியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கொஞ்சம் அழுகை வந்தது, அதன் மேல் இருந்த நீலக் கோடு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பா டேப் வைத்து மாடிப்படி வளைவை அளந்தார். 7 அடி 6 அங்குலத்துக்கு மேல் திரும்பாது. 8 அடி வாங்கினால் கீழ்வீட்டுப் பாட்டியிடம் இடம் கேட்க வேண்டும்.

படகுக்காரர் மகன்:
7 அடி 6லும் ஃபோம் போர்டு வருகிறது. அகலம் 22 அங்குலத்துக்குக் குறையாமல் பார். அதற்கு மேல் நான் சண்டை போடமாட்டேன். ஆனாலும் பாட்டியை ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்.

திருவான்மியூர் நிலா:
கேட்காதே. 7 அடியே வாங்கு, நீயே தூக்கிக்கொண்டு போகலாம்.

கடல்நண்டு15:
இந்த ஞாயிறு இரண்டையும் வாடகைக்கு எடுக்கிறோம். எதில் எத்தனை அலை என்று கரையில் உட்கார்ந்து எண்ணுவதாக அப்பா சொல்லியிருக்கிறார். இரவு இங்கே வந்து எழுதுகிறேன்.