ஐபிஎஸ் வயிறும் 'ஹை ஃபைபர்' பாக்கெட்டும்: யாருக்கு எது ஒத்துக்கொண்டது?

செம்பூர்க்காரன்:
மும்பையில் தினமும் ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் ஆபீஸ் போகிறவன் நான். லோக்கலில் கழிப்பறை கிடையாது, ஐபிஎஸ் (IBS, வயிற்றுவலி, உப்புசம், பேதி அல்லது மலச்சிக்கல் என்று மாறி மாறிப் படுத்தும் குடல் கோளாறு) வயிறு வைத்திருப்பவனுக்கு அதுதான் கண் விழித்ததும் வரும் முதல் நினைப்பு. டாக்டர் டெஸ்ட் எல்லாம் எடுத்து, ரத்தம் போகவில்லை, எடை குறையவில்லை, ரத்தசோகை இல்லை, ஐபிஎஸ்தான், நார்ச்சத்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். எந்த நார்ச்சத்து என்று சொல்லவில்லை. வீட்டில் 'ஹை ஃபைபர்' என்று போட்ட பிஸ்கட், மல்டிகிரெய்ன் ஆட்டா, ஒரு ஓட்ஸ் பார் எல்லாம் வந்து இறங்கியது. பாரைத் தின்ற அன்று மத்தியானம் மீட்டிங்கில் பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். உறையைத் திருப்பினால் பொடி எழுத்தில் 'இனுலின்', பக்கத்திலேயே 'சிக்கரி வேர்'. நம்ம காபிப் பொடியில் கலப்பார்களே, அதே சிக்கரி! இனுலினைப் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா சீக்கிரமாகப் புளிக்க வைத்து வாயுவாக்கிவிடும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் உப்புசம், நமக்கு அது வலி. கோதுமைத் தவிடும் எனக்கு ஆகவில்லை.

கடைசியில் கைகொடுத்தது குஜராத்திலிருந்து வரும் சாதாரண இசப்கோல், ஒரு செடியின் விதை உமி. அது மெதுவாகத்தான் புளிக்கும், தண்ணீரை இழுத்துக் கொழகொழவென்று ஆகும், அதனால் மலச்சிக்கலுக்கும் ஆகும், பேதிக்கும் ஆகும். அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்கள் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஐபிஎஸ்ஸுக்கு இதைப்போலத் தண்ணீரில் கரையும் நார்ச்சத்தைத்தான் பரிந்துரைக்கிறது. ஒரு டீஸ்பூனில் ஆரம்பியுங்கள், பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி கெட்டியாவதற்குள் மடமடவென்று குடித்துவிடுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும்.

மாட்டுங்கா மாமி:
தம்பி, அதே வழிகாட்டுதலில் புரோபயாட்டிக் (குடலுக்கு நல்லது என்று உயிரோடு சாப்பிடும் பாக்டீரியா) வேண்டாம் என்கிற தொனியில்தான் எழுதியிருக்கிறார்கள், ஆதாரம் போதவில்லையாம். என் பெண் அந்தக் குட்டி பாட்டில் புரோபயாட்டிக் பானத்தை ஃப்ரிட்ஜ் நிறைய அடுக்கி வைத்தாள், குடித்தேன், இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் என் நாத்தனாருக்கு டாக்டர் கொடுத்த புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் கேட்டது. பாக்டீரியாவிலும் ரகம் ரகமாக இருக்கிறது, ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது. அப்புறம், இட்லியே புரோபயாட்டிக் என்று வாட்ஸாப்பில் வருகிறதே, மாவில் உயிரோடு இருப்பதெல்லாம் ஆவியில் வெந்த பிறகு எங்கே இருக்கும்? இட்லி லேசான சாப்பாடு, அது வேறு விஷயம். மோர்க்குழம்பும் கொதித்தால் அதே கதைதான். எனக்குத் தயிர் சாதம் ஒத்துக்கொள்கிறது, பால்தான் ஆகாது.

சயான் வாசி:
நார்ச்சத்தை மாற்றியும் சரியாகாதவர்கள் வெங்காயம், பூண்டைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள். மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த உணவுமுறையில் இவைதான் முதலில் போகும். வடா பாவ் மேல் தூவும் அந்தச் சிவப்புப் பூண்டுப் பொடி எனக்கு விஷம். பூண்டு வாசனை இல்லாமல் இறங்காது என்பவர்கள் நல்லெண்ணெயில் பல்லைப் பொரித்து எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம், வாயு பண்ணும் சமாசாரம் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பெருங்காயம் வாங்கும்போது மட்டும் கோதுமை மாவு கலந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது வயசுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தாலோ, ராத்திரி தூக்கத்தில் எழுப்பினாலோ இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

கேழ்வரகுக் கூழ் யாருக்காவது ஒத்துக்கொண்டதா? ஊரிலிருந்து அம்மா மாவு அனுப்பியிருக்கிறாள், பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.