அம்மாப்பேட்டை வீட்டுக் குழு: கார்த்தி கல்யாணம்

காலை 7.10

கலைவாணி: எல்லாருக்கும் வணக்கம். அசாம் திப்ருகரிலிருந்து சம்பந்தி இன்று விடியற்காலை 4.40க்குப் போன் செய்தார். அவர்கள் பக்கம் 26 பேருக்கும் விவேக் எக்ஸ்பிரஸில் டிக்கெட் உறுதியாகிவிட்டது. வருகிற புதன்கிழமை சேலம் ஜங்ஷனில் இறங்குகிறார்கள். ஸ்டேஷனுக்கு யார் போவது, எத்தனை வண்டி, அன்று என்ன சாப்பாடு என்று இன்றே முடிவு செய்துவிட வேண்டும்.

வசந்தா: 4.40க்கா? யாருக்கு என்னவோ என்று பதறியிருப்பாயே.

கலைவாணி: கை நடுங்கிவிட்டது அண்ணி. அத்தை வேறு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "யார் போய்ச் சேர்ந்தது?" என்று கேட்கிறார்கள்.

நித்யா: பாட்டி எப்போதும் தயார்.

சிதம்பரம்: சம்பந்தியைக் குற்றம் சொல்லாதே கலா. திப்ருகர் ஏறத்தாழ 95 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. சேலம் 78. இத்தனை அகலமான நாட்டுக்கு ஒரே கடிகாரம். அதுவும் உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கம் போகும் 82.5 டிகிரிக் கோட்டை வைத்துக் கணக்கிட்டது. வைகாசியில் அங்கே நாலரைக்கு முன்பே சூரியன் வந்துவிடும். நமக்கு ஆறு மணி ஆகும். மனிதர் குளித்துச் சாமி கும்பிட்டு, தேநீரும் குடித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருப்பார். மார்கழியில் பார்த்தால் மாலை நாலரைக்கெல்லாம் விளக்கு வைத்துவிடுவார்கள். அதனால்தான் அசாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டார்கள். தோட்ட நேரம் என்று அதற்குப் பெயர். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு.

கார்த்தி: ஆமாம் பெரியப்பா. ஜூனாலியின் அப்பா தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடம்பு இன்னும் அந்தக் கடிகாரத்தில்தான் ஓடுகிறது. இரவு எட்டரைக்குப் படுத்துவிடுவார்.

செல்வராஜ்: அப்படியானால் வரவேற்பில் மாமனார் மேடையிலேயே தூங்குவார்.

நித்யா: முகூர்த்தம் 4.30 முதல் 6. மண்டபத்தில் முழுதாக விழித்திருக்கப் போகிறவர் அவர் ஒருவர்தான் சித்தப்பா.

முருகேசன்: 👍

பழனி மாமா: வண்டி என் பொறுப்பு. எத்தனை பேர் அக்கா?

கலைவாணி: மேலே எழுதியிருக்கிறேன் பழனி.

வசந்தா: விமானத்தில் வரக்கூடாதா? மூன்று இரவு ரயிலில் கிடந்து, வந்து இறங்கும்போது எந்த நிலைமையில் இருப்பார்களோ.

கார்த்தி: 26 பேருக்கு விமானம் என்றால் கல்யாணச் செலவு முழுவதும் அதிலேயே போய்விடும் அத்தை. தவிர, ஜூனாலியின் தாத்தா ரயில்தான் வேண்டும் என்கிறாராம். கல்கத்தாவுக்குத் தெற்கே அவர் வந்ததில்லை.

சிதம்பரம்: அவர் சரியான ஆள். இந்த நாட்டில் அதிக தூரம் ஓடும் ரயில் அது. காஷ்மீர் வடகோடியிலிருந்து குமரி வரை நேராக அளந்தால் 3,214 கிலோமீட்டர். இந்த ரயில் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வளைந்து வளைந்து 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒன்பது மாநிலம். அசாமில் கிளம்பி, நாகாலாந்தில் திமாப்பூரைத் தொட்டுவிட்டு மறுபடி அசாமுக்குள் நுழையும். சிலிகுரி பக்கம் நாடே 20 கிலோமீட்டர் சுமாருக்கு இடுங்கிவிடுகிறது. ஒரு பக்கம் நேபாளம், மறுபக்கம் வங்கதேசம். வடகிழக்குக்குப் போகிற ரயில் எல்லாம் அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். அப்புறம் பீகாரில் கிஷன்கஞ்ச், ஜார்க்கண்டில் பாக்கூர், மறுபடி வங்காளம், ஒடிசா, ஆந்திரா, காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம்.

நித்யா: அப்பா, அத்தை கேட்டது விமானத்தைப் பற்றி.

சிதம்பரம்: அதற்குத்தான் பதில் சொன்னேன். விமானத்தில் வந்தால் இதில் எதைப் பார்க்க முடியும்?

செல்வராஜ்: ஓட்டல் வேலைக்கும் மில் வேலைக்கும் வருகிற பையன்கள் எல்லாம் அந்த ரயிலில்தானே வந்து இறங்குகிறார்கள்? ஜங்ஷனில் பார்த்திருக்கிறேன். சம்பந்தி வீட்டாரும் அதிலேயேவா?

கார்த்தி: அதிலேயேதான் சித்தப்பா. அந்தப் பையன்களும் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதில்தான் திரும்பிப் போகிறார்கள்.

செல்வராஜ்: நான் தவறாகச் சொல்லவில்லை தம்பி. கூட்டமாக இருக்குமே என்றுதான் சொன்னேன்.

வசந்தா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நித்யா: அத்தை, நான் படித்துவிட்டேன்.

வசந்தா: எனக்கு வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான். அசாம் என்றால் மாந்திரீகம் என்று போட்டிருந்தது. கேட்பது தப்பா?

கார்த்தி: நீங்கள் சொல்லும் மாயோங் கிராமம் திப்ருகரிலிருந்து பல மணி நேரப் பயணம் அத்தை. ஜூனாலி அங்கே போனதே இல்லை.

பழனி மாமா: கொல்லிமலையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் நம்மிடம் கேட்பார்களே, அந்த மாதிரிதான் வசந்தாக்கா.

வசந்தா: கொல்லிமலையில் உண்மையிலேயே இருக்கிறது.

காலை 9.35

கலைவாணி: அத்தை கேட்கச் சொன்னார்கள். பெண் வீட்டில் வெற்றிலை பாக்குப் பழக்கம் உண்டா?

கார்த்தி: உண்டாவா? வாசலில் கால் வைத்ததும் அதுதான். வெண்கலத்தில் கால் வைத்த தட்டு ஒன்று, சொராய் என்பார்கள். அதில் வெற்றிலையும் பாக்கும் வைத்து நீட்டுவார்கள். ஈரம் காயாத பாக்கு. முதல் தடவை மென்றபோது காது சூடாகி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜூனாலியின் பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

கலைவாணி: அத்தையிடம் படித்துக் காட்டினேன். "நல்ல குடும்பம்தான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்கள்.

சிதம்பரம்: நாம் நினைப்பதைவிட நெருக்கம் அதிகம். நமக்குச் சித்திரை முதல் நாள் என்றால் அவர்களுக்கு அதையொட்டி ரொங்காலி பிஹு. நமக்குப் பொங்கல், அவர்களுக்கு போகாலி பிஹு. அறுவடை முடிந்து, விடியற்காலையில் மூங்கிலும் வைக்கோலும் அடுக்கி மேஜி கொளுத்துவார்கள். நம் போகிக்கு ஓரிரு நாள் தள்ளி அங்கே நெருப்பு.

செல்வராஜ்: எல்லாம் சரி பெரியண்ணா. அண்ணியும் அந்த அம்மாவும் என்ன மொழியில் பேசிக்கொள்வார்கள்? இந்தியிலா?

கார்த்தி: அம்மாவுக்கு இந்தி தெரியாது. அந்த அம்மாவுக்கும் சுமார்தான்.

கலைவாணி: ஏற்கெனவே வீடியோவில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அவர் புடவையைக் காட்டுவார், நான் புடவையைக் காட்டுவேன்.

சிதம்பரம்: அசாம் என்றால் வடக்கு, வடக்கு என்றால் இந்தி என்று நினைக்கிறாய் செல்வம். அசாமிய மொழிக்குத் தனி இலக்கியம் உண்டு. 2004இல் தமிழுக்குக் கிடைத்த செம்மொழித் தகுதி 2024இல் அவர்களுக்கும் கிடைத்தது. அந்த மாநிலத்துக்குள்ளேயே போடோ வேறு மொழி, அதுவும் எட்டாவது அட்டவணையில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் மட்டும் 121 என்று வந்தது. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் தெருவில் நாலு வீடு தள்ளினால் சௌராஷ்டிரம். அதற்கடுத்த சந்தில் கன்னடம். நம் அப்பாவின் அம்மா சாகும்வரை தறிக்குழியில் உட்கார்ந்து தெலுங்கில்தான் திட்டினார்.

வசந்தா: அதை ஏன் அண்ணா இப்போது எழுதுகிறாய்?

சிதம்பரம்: ரகசியமா அது?

வசந்தா: மாப்பிள்ளை வீட்டார் குழுவில் இருக்கிறார்கள்.

நித்யா: நாம்தான் அத்தை மாப்பிள்ளை வீட்டார்.

முருகேசன்: 👍

கலைவாணி: புடவை என்றதும் நினைவு வந்தது. ஜூனாலிக்கு அவர்கள் வீட்டில் எடுத்திருக்கும் முகா பட்டுப் படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். மேகலா சாதர், இரண்டு துண்டாக உடுத்துவது. அந்தப் பொன் நிறம் சாயம் இல்லையாம். பூச்சியே அந்த நிறத்தில்தான் நூல் விடுகிறதாம்.

சிதம்பரம்: முகா அசாமுக்கே உரியது. துவைக்கத் துவைக்கப் பளபளப்பு கூடும் என்பார்கள். நம் வெண்பட்டைப் போல அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊடை நன்றாக அடித்திருக்கிறான், ஓரம் எங்கும் இழுக்கவில்லை. அப்பா இருந்தால் விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பேசியே இருப்பார்.

கலைவாணி: நம் பக்கம் ஆண்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கமோசா போர்த்த வேண்டுமாம். வெள்ளைத் துண்டு, ஓரத்தில் சிவப்புப் பூ நெய்தது. செல்வம், உங்கள் பட்டறை ஆட்களையும் சேர்க்கவா?

செல்வராஜ்: என் பட்டறை உங்கள் நினைவில் இருக்கிறதா அண்ணி?

நித்யா: ஆரம்பம்.

செல்வராஜ்: கேட்கிறேன் என்று கோபப்பட வேண்டாம். ஜூனாலிக்குக் கொலுசு எங்கே வாங்கினீர்கள்? ஒடிசாவுக்கும் வங்காளத்துக்கும் என் சரக்கு பெட்டி பெட்டியாகப் போகிறது. கம்பி இழுத்து, வளையம் கோத்து, சலங்கை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, மெருகு போட்டு, செவ்வாய்ப்பேட்டையில் முப்பது வருஷமாக இதே வேலை. என் அண்ணன் மருமகள் காலுக்கு மட்டும் கண்ணாடிக் கடைச் சரக்கு.

கலைவாணி: வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனது செல்வம். அன்று கையில் பணம் இருந்தது, வாங்கிவிட்டோம்.

செல்வராஜ்: என்னிடம் பணமா கேட்டிருப்பேன்?

முருகேசன்: செல்வம், மாலையில் வீட்டுக்கு வா.

நித்யா: சித்தப்பா தட்டச்சு செய்துவிட்டார்! ஊரே அதிர்கிறது.

செல்வராஜ்: வருகிறேன் அண்ணா. கொலுசு கொடுப்பது என் உரிமை, அது தனி. இன்னொன்று. அப்பாவின் வெள்ளிக் குத்துவிளக்கு மேடைக்கு வேண்டும். யாரிடம் இருக்கிறது?

சிதம்பரம்: என்னிடம் இல்லை.

கலைவாணி: இங்கேயும் இல்லை.

நித்யா: அத்தை படித்துவிட்டார், நீலக் குறி தெரிகிறது.

பிற்பகல் 12.50

பழனி மாமா: ஒரு நாள் எல்லாரையும் ஏற்காட்டுக்கு அழைத்து வாருங்கள். தோட்டத்தில் சாப்பாடு. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி கைக்கெட்டாத உயரம் ஏறியிருக்கிறது, தாத்தா பார்க்கட்டும். தேயிலை ஊர்க்காரர்களுக்கு நம் காபி.

சிதம்பரம்: நல்ல யோசனை. கலெக்டர் காக்பர்ன் 1820களில் அங்கே காபியைக் கொண்டுவந்தார். அதே காலத்தில்தான், 1823இல், ராபர்ட் புரூஸ் அசாமில் தேயிலைச் செடியைத் தெரிந்துகொண்டார். அவர் கண்டுபிடித்தார் என்று புத்தகத்தில் போடுவார்கள். சிங்போ மக்கள் அதற்கு முன்பே காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்த இலை அது.

வசந்தா: இருபது கொண்டை ஊசி வளைவு. வயதானவர்களுக்கு வாந்தி வரும்.

கார்த்தி: தாத்தா திப்ருகர்க்காரர் அத்தை. சுற்றிலும் சமவெளி, பிரம்மபுத்திரா. அக்கரை தெரியாத ஆறு. போகிபீல் பாலமே கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர். மலைப்பாதை அவருக்கும் புதிதாகத்தான் இருக்கும்.

பழனி மாமா: கோடை விழாக் கூட்டம் இருந்தால் குப்பனூர் வழியாக இறக்கிவிடுகிறேன். தோட்டத்து மலையாளிப் பழங்குடிச் சனங்களிடமும் சொல்லிவிட்டேன், அசாமிலிருந்து விருந்தாளி வருகிறார்கள் என்று. "எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். அதைவிட தூரமா?" என்று கேட்டார் மூப்பர்.

கலைவாணி: முதலில் புதன்கிழமையை முடியுங்கள். அன்று இரவு நம் வீட்டில் சாப்பாடு. என்ன செய்வது? அதோடு, அன்று நமக்குத் தண்ணீர் வரும் நாள் இல்லை.

பழனி மாமா: தண்ணீருக்கு லாரி சொல்லிவிடலாம்.

செல்வராஜ்: தட்டுவடை செட் மாலைக்கு. என் செலவு.

கார்த்தி: இரவுக்கு மீன் இருந்தால் நன்றாக இருக்கும் அம்மா. அவர்களுக்குக் கல்யாணத்தில் மீன் மங்களம். புளிப்பாக, காரம் குறைத்து.

வசந்தா: பந்தக்கால் நட்ட வீட்டில் மீனா?

பழனி மாமா: மேட்டூரிலிருந்து எடுத்து வந்துவிடுகிறேன். கட்லாவா, ரோகுவா?

சிதம்பரம்: ரோகு வாங்கு. இரண்டுமே கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன்கள்தான். இங்கே அணையில் கொண்டுவந்து விட்டு வளர்த்தவை. வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் வந்தும் அவர்கள் ஆற்று மீனே இலையில் விழும்.

நித்யா: இலையில் மீன் போட அத்தை சம்மதிக்க வேண்டுமே.

வசந்தா: கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு. தனிப் பாத்திரம். மறுநாள் விடிவதற்குள் வாசல்வரை கழுவிவிட வேண்டும்.

நித்யா: அத்தை சம்மதம் என்று எழுதிக்கொள்கிறேன்.

வசந்தா: சம்மதம் என்று நான் எங்கே சொன்னேன்?

செல்வராஜ்: அக்கா, குத்துவிளக்கு?

பழனி மாமா: ஒரு வேன் போதுமா, இரண்டா? மொத்தம் 16 பேர்தானே?