சினை பன்றிக்கு வைட்டமின் ஈ, செலினியம் குடுக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம்ங்க, நமக்கு பாலக்கோடு பக்கம், 12 தாய் பன்றி வச்சிருக்கேன், எல்லாம் யார்க்‌ஷயர் வெள்ளை பன்றிதான். போன ரெண்டு ஈத்துலயும் 10 குட்டி, 11 குட்டின்னு போட்டுச்சு ஆனா பால் மறக்கடிக்கறதுக்குள்ள 3, 4 குட்டி போயிடுது, நல்லா கொழுகொழுன்னு இருக்கற குட்டியே பொசுக்குன்னு விழுந்து செத்துடுது, அதான் மனசு கேக்கல. டாக்டர் பாத்துட்டு வைட்டமின் ஈ, செலினியம்ங்கற தாது சத்து பத்தாம இருக்கலாம்னு சொன்னாரு. தாய் வயித்துல இருக்கறப்ப வைட்டமின் ஈ குட்டிக்கு ரொம்ப கம்மியாதான் போகுமாம், சீம்பால்லதான் கிடைக்குமாம், அதனால சினையிலயே தாய்க்கு குடுக்கணும்னாரு. குட்டிக்கு 3ம் நாள் போடற இரும்புச்சத்து ஊசி கூட வைட்டமின் ஈ இல்லாத குட்டிக்கு ஆகாதாம், இது எனக்கு புதுசு!

நான் தீனிக்கு ஓட்டல் கழிவும் தவிடும்தான். தவிடு சிக்கு வாசம் அடிச்சா அதுல இருக்கற வைட்டமின் ஈ-யும் காலியாம், என் மூட்டை அப்படித்தான் நாறுது (வெயில் அப்படி).

இப்ப கேள்வி என்னன்னா, 114 நாள் சினையில எப்ப இருந்து ஆரம்பிக்கறீங்க, பவுடரா இல்ல ஊசியா? செலினியம் கொஞ்சம் ஓவரானாலும் விஷம்ங்கறாங்க, ஓட்டல் கழிவு போடறவங்க எப்படி அளந்து கலக்கறீங்க? கடைக்காரர் சொல்றத நம்பி வாங்க பயமா இருக்கு. ரெண்டு பன்றி இன்னும் 3 வாரத்துல ஈனப்போகுது, அனுபவம் உள்ளவங்க சீக்கிரம் சொல்லுங்க.